கட்டி வைத்த நாய் தெருவில் போகும் பிள்ளைகள் மீது பாய்கிறது: அடித்துத் திருத்துவதா, பழக்கித் திருத்துவதா?

கல்லடிவாசி எழுதியது:

வணக்கம். எங்கள் வளவில் இரண்டு வயதுக் கடுவன் நாய் ஒன்று நிற்கிறது. சாதி நாய் அன்று, ஊர் நாய். குட்டியாக இருந்தபோது அவிழ்த்துவிட்டே வளர்த்தோம். பின்னர் தெருவுக்கு ஓடி மோட்டார் சைக்கிள்களைத் துரத்தத் தொடங்கியதால், படலைக்கு அருகில் உள்ள ஜாம் மரத்தில் பகல் முழுவதும் சங்கிலியால் கட்டி, இரவில் மட்டும் அவிழ்த்துவிடுகிறோம். கட்டிய பிறகு தொல்லை குறையும் என்று நினைத்தோம்; கூடியிருக்கிறது. மாலையில் பிரத்தியேக வகுப்புக்குப் போகும் பிள்ளைகள் சைக்கிளில் கடக்கும்போதெல்லாம் சங்கிலி அறுந்துவிடும் போலப் பாய்ந்து குரைக்கிறது. சென்ற கிழமை பக்கத்து வீட்டுச் சிறுவன் பயந்து சைக்கிளோடு விழுந்து முழங்கையைக் காயப்படுத்திக்கொண்டான். அவனுடைய தாயார் வந்து பேசினார். அவர் பேசியது முழுவதும் நியாயம்.

நன்றாக நாலு அடி போட்டால் அடங்கிவிடும் என்கிறார் என் மாமனார். சாக்கில் போட்டு வாவிக்கு அப்பால் எங்காவது கொண்டுபோய் விடச்சொல்கிறார் உறவினர் ஒருவர். இரண்டுக்கும் எனக்கு மனம் வரவில்லை. அடிக்காமல் ஒரு நாயை இந்த வயதில் திருத்த முடியுமா என்பதை, செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

செங்கலடிச் சந்தி எழுதியது:

அடியாத மாடு படியாது என்று பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை. எங்கள் அப்பா காலத்தில் நாய்க்கு யாரும் வகுப்பு நடத்தவில்லை. வீட்டில் தடி ஒன்று சாத்தியிருக்கும். நாய்க்கு அதைக் கண்டாலே போதும். நீங்கள் எசமான், அது நாய் என்பதை அது உணர வேண்டும். இல்லாவிட்டால் அது உங்களை ஆளத் தொடங்கிவிடும். பிள்ளை விழுந்து காயப்பட்ட பிறகும் மனம் வரவில்லை என்று சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஓய்வுபெற்ற களப்பணியாளர் எழுதியது:

தம்பி கல்லடிவாசி, கால்நடைத் துறையில் அக்கரைப்பற்றுப் பக்கத்தில் நீண்ட காலம் கடமையாற்றியவன் என்ற முறையில் எழுதுகிறேன். சற்று நீளமாக இருக்கும், பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் அந்த ஜாம் மரத்தடியில் நின்று உங்கள் நாயின் பக்கத்திலிருந்து தெருவைப் பாருங்கள். போவோர் வருவோர் எல்லோரும் அதன் கண்ணில் படுகிறார்கள்; ஆனால் அருகில் போய் மணந்து பார்க்கவும் முடியாது, பயமாக இருந்தால் விலகிப் போகவும் முடியாது. சங்கிலியின் நீளத்துக்குள் அதற்கு மிஞ்சியிருப்பது குரைப்பது ஒன்றுதான். அது குரைக்கிறது, சைக்கிள் போய்விடுகிறது. சைக்கிள் எப்படியும் போகத்தான் போகிறது என்பது நமக்குத் தெரியும். நாயோ தான் குரைத்துத் துரத்தியதால்தான் அது போனது என்று எடுத்துக்கொள்கிறது. ஒரே மாலையில் அந்த வெற்றி எத்தனை தடவை அதற்குக் கிடைக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். கட்டிய பிறகு தொல்லை கூடியதற்குக் காரணம் அதுதான். நாயின் குணம் கெட்டுவிடவில்லை. கட்டிய இடமும் கட்டிய விதமும் அதற்கு இந்தப் பாடத்தை நாள்தோறும் நடத்திக்கொண்டிருக்கின்றன.

இந்த நிலையில் தடியை எடுத்தால் என்ன நடக்கும்? ஒரு செயலையும் அதன் விளைவையும் நாய் இணைத்துப் புரிந்துகொள்ள வேண்டுமானால் இரண்டும் ஓரிரு வினாடிகளுக்குள் நடக்க வேண்டும். நீங்கள் விறாந்தையிலிருந்து இறங்கித் தடியுடன் மரத்தடிக்கு வந்து சேர்வதற்குள் குரைத்தது முடிந்து, உங்களைக் கண்டு வாலை ஆட்டத் தொடங்கியிருக்கும். அடி அந்த வாலாட்டலுக்குத்தான் விழுகிறது. சரி, குரைக்கும்போதே அடி விழுந்தது என்று வைத்துக்கொள்வோம். அப்போது அதன் கண்ணில் இருப்பது பிள்ளை, உடம்பில் இருப்பது வலி. பிள்ளைகள் வந்தால் வலி வரும் என்று அது கற்றுக்கொள்ளும். அடுத்த முறை இன்னும் கடுமையாகப் பாயும். அதைவிட ஆபத்தானது ஒன்று உண்டு. உறுமியதற்காக அடி வாங்கிய நாய் உறுமுவதை விட்டுவிடும், ஆனால் பயம் உள்ளே அப்படியே இருக்கும். "ஒரு சத்தமும் போடாமல் கடித்துவிட்டது" என்று ஊரில் பேசப்படும் நாய்கள் பலவற்றுக்கு, சத்தம் போட்டதற்காக அடி வாங்கிய வரலாறு இருப்பதை நான் களத்தில் கேட்டறிந்திருக்கிறேன்.

செங்கலடித் தம்பி சொன்ன பழமொழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. வயலில் மாடு பழக்கியவர்களைக் கேட்டுப் பாருங்கள். புதிய மாட்டைப் பழகிய மாட்டோடு சேர்த்து நுகத்தில் பூட்டி, பாரம் இல்லாமல் நடக்கவிட்டு, நேரம் பார்த்து அவிழ்த்துவிட்டுத்தான் படிய வைப்பார்கள். தடியை மட்டும் நம்பியவனின் மாடு வரம்பில் படுத்துவிடும்.

நாய் நம்மை ஆளப் பார்க்கிறது, ஆகவே நாம் தலைவன் என்று காட்ட வேண்டும் என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ருடொல்ஃப் ஷெங்கல் என்ற ஆய்வாளர் சுவிற்சர்லாந்தின் பேசல் விலங்குக் காட்சிச்சாலையில் அடைத்து வைக்கப்பட்டிருந்த ஓநாய்களைக் கவனித்து 1947 இல் வெளியிட்ட கட்டுரையில், அவை தலைமைக்காகச் சண்டையிடுவதை விவரித்தார். இதை நாய்களுக்கும் பொருத்திப் பலர் பேசத் தொடங்கினார்கள். டேவிட் மீச் என்ற அமெரிக்க ஆய்வாளரும் ஆரம்பத்தில் அந்தக் கருத்தைப் பரப்பியவர்தான். பின்னர் கனடாவின் எல்ஸ்மியர் தீவில் காட்டு ஓநாய்களைப் பல கோடைகாலங்கள் அருகிலிருந்து கவனித்த அவர், இயற்கையில் ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் தாய், தந்தை, அவற்றின் பிள்ளைகள் அடங்கிய குடும்பம்தான் என்றும், தலைமைச் சண்டை என்ற விளக்கம் அதற்குப் பொருந்தாது என்றும் 1999 இல் எழுதினார். ஒன்றையொன்று அறியாத ஓநாய்களை ஒரே கூட்டில் அடைத்துப் பார்த்ததிலிருந்து பிறந்த கருத்தைக் கொண்டு எங்கள் வளவு நாயை அடித்துக்கொண்டிருக்கிறோம்.

செய்ய வேண்டியது என்ன என்பதை இன்றிரவு தனியாக எழுதுகிறேன். இப்போதைக்கு ஒரு வேலை: இன்றே நாயைப் படலையடியிலிருந்து வளவின் பின்பக்கத்துக்கு மாற்றுங்கள். பழக்குவது பிறகு. அதுவரை அந்தப் பிள்ளைகள் நிம்மதியாகப் போய்வரட்டும்.

நிந்தவூர் வாசகர் எழுதியது:

ஐயாவின் விளக்கம் பயனுள்ளது. நான் நாய் வளர்ப்பவன் அல்லன். ஆனாலும் இந்த விடயம் எங்களையும் தொடுவதால் எழுதுகிறேன். கல்லடிச் சகோதரர் "இரவில் மட்டும் அவிழ்த்துவிடுகிறோம்" என்று எழுதியிருக்கிறார். அவிழ்த்துவிடப்பட்ட நாய் வளவுக்குள் நிற்கிறதா, தெருவுக்குப் போகிறதா? எங்கள் ஊர்களில் சுபஹு எனும் அதிகாலைத் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்கு நடந்து போகும் வயோதிபர்கள் அதிகம் அஞ்சுவது அந்த வேளையில் தெருவில் கூட்டமாக நிற்கும் நாய்களுக்குத்தான். அவற்றில் பாதிக்கு உரிமையாளர்கள் இருக்கிறார்கள். பகலில் கட்டி, இரவில் தெருவுக்கு விட்டுவிட்டு, அதைக் காவல் என்று சொல்கிறார்கள்.

இன்னொன்றையும் தெளிவாகச் சொல்ல விரும்புகிறேன். நாயின் உமிழ்நீர் பட்டால் ஏழு முறை, அதில் ஒரு முறை மண் கொண்டு கழுவ வேண்டும் என்பது எங்கள் மார்க்கச் சட்டம். அதனால் எங்களில் பலர் நாயைத் தொடமாட்டார்கள், தொழுகை உடையில் நாய் உரசினால் சங்கடப்படுவார்கள். இதை நாய் மீதான வெறுப்பு என்று அயலவர்கள் எடுத்துக்கொள்ளக்கூடாது. காவலுக்கும் மந்தை மேய்ப்பதற்கும் நாய் வைத்திருக்க மார்க்கம் அனுமதிக்கிறது. தாகத்தால் தவித்த நாய்க்குக் கிணற்றிலிருந்து தண்ணீர் மொண்டு கொடுத்தவரின் பாவம் மன்னிக்கப்பட்டது என்ற நபிமொழியைக் கேட்டுத்தான் நாங்கள் வளர்ந்தோம். நாங்கள் கேட்பது ஒன்றுதான்: உங்கள் நாய் உங்கள் படலைக்கு உள்ளே இருக்கட்டும்.

கல்லடிவாசி எழுதியது:

சகோதரர் கேட்டது சரியான கேள்வி. பின்வேலியில் இடைவெளி இருக்கிறது; இரவில் அது வெளியே போய்வருகிறது என்றுதான் நினைக்கிறேன். தகரம் வைத்து அடைக்க ஏற்பாடு செய்கிறேன். நாயைப் பின்பக்கத்துக்கு மாற்றிவிட்டேன். ஐயா, மாமனார் ஒரு கேள்வி கேட்கச் சொன்னார்: தீனி காட்டிப் பழக்கினால் தீனி இல்லாதபோது சொல் கேட்குமா?

ஓய்வுபெற்ற களப்பணியாளர் எழுதியது:

மாமனாரின் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். தீனியைக் கையில் காட்டிக்காட்டி வேலை வாங்கினால் அவர் சொல்வது போலத்தான் நடக்கும். தீனி கண்ணுக்குத் தெரியக்கூடாது. நாய் சரியாகச் செய்த பிறகு சட்டைப்பையிலிருந்து வர வேண்டும். பழக்கம் ஊன்றும்வரை ஒவ்வொரு முறையும் கொடுங்கள். ஊன்றிய பிறகு சில முறை கொடுத்து, சில முறை தடவிக்கொடுப்பதோடு நிறுத்துங்கள். எப்போது கிடைக்கும் என்று தெரியாத நாய் இன்னும் ஆர்வமாகச் செய்யும். இது ஆய்வுகூடங்களில் நெடுநாட்களுக்கு முன்பே நிறுவப்பட்ட உண்மை.

தீனிக்குக் கோழி ஈரலை உப்பில்லாமல் அவித்து, கச்சான் பருப்பு அளவுக்கு நறுக்கி வைத்துக்கொள்ளுங்கள். முள் நீக்கி அவித்த மீனும் நல்லது. கருவாடு வேண்டாம், உப்பு அதிகம். வெங்காயம் போட்டு ஆக்கிய கறியையும் கொடுக்கக்கூடாது. வெங்காயம் நாயின் செங்குருதிக் கலங்களைச் சிதைக்கும். அவித்த கோழி எலும்பு கூர்கூராக உடைந்து குடலைக் குத்தும். மீதிச் சோற்றுக்கறியை அப்படியே கொட்டும் வீடுகளில் இவை இரண்டையும் யாரும் கவனிப்பதில்லை என்பதால் சேர்த்துச் சொல்கிறேன்.

முதல் சில நாட்கள் வளவின் பின்பக்கத்தில், தெருச் சத்தம் எட்டாத இடத்தில் தொடங்குங்கள். நாய் சாப்பிடுவதற்கு முன், இளவெயில் நேரத்தில், ஐந்து நிமிடம் போதும். பெயரைச் சொல்லி ஒரு முறை கூப்பிடுங்கள். அது தலையைத் திருப்பி உங்கள் முகத்தைப் பார்க்கும் அந்த நொடியில் "சரி" என்று சொல்லி ஒரு துண்டைக் கொடுங்கள். "சரி" என்ற சொல் எப்போதும் ஒரே குரலில் வரட்டும். அந்தச் சொல் காதில் விழுந்தாலே தீனி வரப்போகிறது என்று நாய் அறிந்துகொண்டால், தூரத்தில் நிற்கும்போதும் எந்தச் செயலுக்குப் பரிசு என்பதை அதற்குத் துல்லியமாகத் தெரிவிக்கலாம். திரும்பாவிட்டால் மீண்டும் மீண்டும் கத்தாதீர்கள். அருகே போய்ச் சிறு சத்தம் எழுப்பினாலே திரும்பும். வீட்டில் உள்ள எல்லோரும் ஒரே சொற்களைப் பயன்படுத்த வேண்டும். ஒருவர் "இரு" என்றும் இன்னொருவர் "குந்து" என்றும் சொன்னால் குழம்புவது நாய், அடி வாங்குவதும் நாய்.

அடுத்தது தெரு. கழுத்துப்பட்டியிலும் தோல்வாரிலும் பிடித்துக்கொண்டு, சைக்கிள் போவது நாய்க்குத் தெரிய வேண்டும், ஆனால் அது குரைக்கக்கூடாது என்ற தூரத்தில் நில்லுங்கள். உங்கள் நாய்க்கு அந்தத் தூரம் வளவின் கிணற்றடியாக இருக்கலாம். சைக்கிள் தெரிந்தவுடன் ஈரல் துண்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக வரட்டும். சைக்கிள் மறைந்தவுடன் தீனியும் நிற்கட்டும். இந்த வரிசை மாறக்கூடாது. தீனி முதலில் வந்து சைக்கிள் பின்னர் வந்தால் பயன் இல்லை. சில நாட்களில், சைக்கிள் தெரிந்ததும் பாய்வதற்குப் பதிலாக "எங்கே என் பங்கு" என்பது போல உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்க்கும். அதைக் காணும்வரை ஓரடிகூட முன்னால் போகாதீர்கள். கண்ட பிறகு இரண்டு மூன்று அடி நகருங்கள். குரைத்துவிட்டால் நீங்கள் அவசரப்பட்டு நெருங்கிவிட்டீர்கள் என்றுதான் பொருள். ஏசாமல் பின்னால் வாருங்கள். மாலை வகுப்புக் கூட்ட நேரத்தில் ஆரம்பிக்க வேண்டாம்; மதியத்துக்கு முன் ஒன்றிரண்டு சைக்கிள் மட்டும் போகும் வேளை நல்லது. கச்சான் எனும் வறண்ட சூடான காற்று அடிக்கும் மாதங்களில் வெயிலில் நிறுத்திப் பழக்கவே கூடாது. நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்ப்பதில்லை. மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்றும்.

சங்கிலியை முழுவதும் விட முடியாவிட்டால், இரண்டு மரங்களுக்கு இடையில் கம்பி இழுத்து, சங்கிலியின் வளையம் அதில் ஓடும்படி செய்யுங்கள். நிழலும், கவிழாத தண்ணீர்ப் பாத்திரமும் அதற்கு எட்ட வேண்டும். காலையும் மாலையும் நடத்திக்கொண்டு போங்கள். மணந்து மணந்து நடப்பது நாய்க்குப் பெரிய களைப்பையும் நிறைவையும் தரும்.

வெல்லாவெளி விவசாயி எழுதியது:

ஐயா, படுவான்கரையில் எங்களுக்கு நாய் இல்லாமல் வயலில் தங்க முடியாது. பயிர் முற்றும் காலத்தில் யானை வருகிறது. வாடியில் படுத்திருப்பவனை எழுப்புவது நாய்தான். இப்படி அன்பாகப் பழக்கினால் குரைக்காமல் போய்விடுமோ என்பதே என் ஐயம். மேலும் யானை வெடி கொளுத்தும்போது எங்கள் நாய் நடுங்கி, சிறுநீர் கழித்து, விடியும்வரை காணாமல் போய்விடுகிறது. இதற்கு வழி உண்டா?

ஓய்வுபெற்ற களப்பணியாளர் எழுதியது:

குரைப்பது நாயின் இயல்பு, அன்பாகப் பழக்கினால் அது போகாது. நீங்கள் சொல்லிக்கொடுக்க வேண்டியது நிறுத்துவதை. இரண்டு மூன்று முறை குரைத்தவுடன் எழுந்து வந்து பாருங்கள், "போதும்" என்று சொல்லி ஒரு துண்டு கொடுங்கள். செய்தி உங்களுக்குக் கிடைத்துவிட்டது என்று அதற்கு விளங்கும். இதைவிட உங்கள் பக்கத்தில் முக்கியமானது கூப்பிட்டவுடன் திரும்பி வருவது. யானையிடம் குரைத்துக்கொண்டே போய், யானை திரும்பியதும் எசமானை நோக்கி ஓடிவரும் நாய், யானையையும் கூட்டிக்கொண்டு வரும். ஆகவே யானை நெருங்குவதற்கு முன்பே கூப்பிட்டால் வந்து சேரும் நாய் உயிர்காக்கும் நாய். அதனால்தான் சொல்கிறேன், கூப்பிட்டு வந்த நாயை எக்காரணம் கொண்டும் அடிக்கக்கூடாது. பிந்தி வந்தாலும், போன இடத்தில் குழப்படி செய்துவிட்டு வந்தாலும் அடிக்கக்கூடாது. ஒரு முறை அடித்தால் அடுத்த முறை தூரத்திலேயே நின்றுகொள்ளும்.

வெடிச் சத்தத்துக்கு: வாடிக்குள் சாக்கு விரித்து, மூன்று பக்கமும் மறைத்து ஓர் இருட்டு மூலை செய்துகொடுங்கள். வெடிக்கு முன் அங்கே கட்டுங்கள், அருகில் ஒருவர் இருங்கள். நடுங்கும்போது தடவிக்கொடுத்தால் பயம் பழகிவிடும் என்று சிலர் சொல்வார்கள், அப்படி இல்லை. பயம் ஒரு உணர்ச்சி, ஆறுதல் சொல்வதால் அது அதிகரிக்காது. உங்கள் பகுதி நாய்களுக்கு விசர்நாய்த் தடுப்பூசி ஆண்டு தவறாமல் போட வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள். நரியும் கீரியும் அந்த நோயைக் காவக்கூடியவை. வயல் நாய்க்கு அவற்றோடு சண்டை சாதாரணம்.

களுவாஞ்சிகுடி ஆசிரியை எழுதியது:

தடுப்பூசி பற்றிய பேச்சு வந்ததால் பிள்ளைகள் பக்கத்தைச் சொல்கிறேன். வகுப்பில் கேட்டுப் பார்த்தால், நாய் பல்லுப் பட்டதை வீட்டில் சொல்லாமல் மறைத்த பிள்ளைகள் இருக்கிறார்கள். காரணம் ஏச்சுக்குப் பயம். விசர்நாய்க்கடி நோயின் அறிகுறிகள் தொடங்கிவிட்டால் உயிர் பிழைப்பது மிக மிக அரிது. ஆனால் அதற்கு முன்பே முறையாகச் சிகிச்சை பெற்றால் ஏறத்தாழ முழுமையாகத் தடுக்க முடியும். கடித்தாலும், பிறாண்டினாலும், புண்ணில் நக்கினாலும் உடனே ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். இந்த வைரசை அழிப்பதில் சவர்க்காரத்துக்குப் பெரிய பங்கு உண்டு. மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, பச்சிலைச் சாறு எதையும் வைக்கக்கூடாது. அப்படியே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை, கல்முனை, அம்பாறை ஆகிய அரச வைத்தியசாலைகளில் இந்தச் சிகிச்சைக்குப் பணம் தேவையில்லை.

கடித்த நாயை ஊர் கூடி அடித்துக் கொன்றுவிடும் வழக்கமும் நிற்க வேண்டும். அந்த நாய் உயிரோடு இருந்தால் 10 முதல் 14 நாட்கள் கட்டி வைத்துக் கவனிக்கலாம். நோய் இருந்தால் அதற்குள் தெரிந்துவிடும். கொன்று புதைத்துவிட்டால் வைத்தியருக்கு அந்தத் தகவல் கிடைக்காது. நாயைக் கவனிக்கும் வரை ஊசியைப் பிற்போடலாமா என்பதை வைத்தியர்தான் முடிவு செய்ய வேண்டும், நாம் அல்ல.

கல்லடிவாசியின் தெருப் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்லிக்கொடுங்கள். நாய் துரத்தினால் சைக்கிளை வேகமாக மிதிக்கக்கூடாது. இறங்கி, சைக்கிளைத் தங்களுக்கும் நாய்க்கும் நடுவில் பிடித்துக்கொண்டு, கண்ணை முறைத்துப் பார்க்காமல் அசையாது நிற்க வேண்டும். ஓடுவதைத்தான் நாய் துரத்தும். சாப்பிடும் நாயையும், தூங்கும் நாயையும், குட்டி போட்ட பெட்டை நாயையும் நெருங்கக்கூடாது என்பதைப் பாலர் வகுப்பிலேயே சொல்லிவிட வேண்டும்.

திருக்கோவில் கரையோரம் எழுதியது:

இவ்வளவு பேசியும், சாக்கில் போட்டுக் கொண்டுபோய் விடும் யோசனையைப் பற்றி யாரும் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் கடற்கரையில் மீன் வாடிகளைச் சுற்றி நிற்கும் கட்டாக்காலி நாய்கள் எங்கிருந்து வந்தன? பெட்டைக் குட்டி என்று கண் திறக்குமுன் கொண்டுவந்து போடுகிறார்கள். கடுவனுக்குக் கேட்டு ஆள் வரும், பெட்டைக்கு வராது. ஒரு பெட்டை நாயின் சினைக்காலம் ஏறத்தாழ 63 நாட்கள். ஆண்டில் இரண்டு முறைகூடக் குட்டி போடும். ஒரு வீட்டின் பாரம் ஆண்டு முடிவதற்குள் ஒரு கிராமத்தின் பாரமாகிவிடுகிறது. தாயிடமிருந்து இவ்வளவு சீக்கிரம் பிரித்த குட்டி பிழைப்பதே அரிது, பிழைத்தாலும் மனிதரைக் கண்டு அஞ்சும். 3 ஆம் வாரத்திலிருந்து 12, 14 ஆம் வாரம் வரைதான் குட்டி உலகத்தைப் பழகிக்கொள்ளும் காலம் என்பதை அமெரிக்காவில் ஸ்கொட், புல்லர் என்ற இரு ஆய்வாளர்கள் 1965 இலேயே விரிவாகக் காட்டிவிட்டார்கள். அந்தக் காலத்தில் மனிதக் கையில் கல்லை மட்டும் கண்ட குட்டி பின்னர் யாரை நம்பும்?

இலங்கையில் இதற்குச் சட்டம் இல்லை என்றும் சொல்ல முடியாது. விசர்நாய்க்கடிக் கட்டளைச் சட்டம் 1893 இலும், நாய்களைப் பதிவு செய்யும் கட்டளைச் சட்டம் 1901 இலும், விலங்குகளைக் கொடுமைப்படுத்துவதைத் தடுக்கும் கட்டளைச் சட்டம் 1907 இலும் வந்தவை. கடைசிச் சட்டத்தில் தண்டப்பணத்தின் உச்சம் நூறு ரூபாய். இன்று அது மிகச் சிறிய தொகை. 2006 இல் நாய்களைக் கொல்வதில்லை என்ற கொள்கையை அரசு எடுத்தது நல்லது. ஆனால் கொல்லாமல் விட்ட நாய்களுக்குத் தடுப்பூசியும் கருத்தடையும் தொடர்ந்து நடக்காவிட்டால் அந்தக் கொள்கையின் சுமை தெருவில் நடப்பவர்களின் தலையில்தான் விழும். ஒரு பகுதியின் நாய்களில் குறைந்தது 70 வீதத்துக்குத் தடுப்பூசி போட்டால் நோய்ப் பரவல் நின்றுவிடும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையினர் தெருவுக்கு வரும்போது தன் நாயைப் பிடித்துக் கொடுக்கவே பலருக்கு முடிவதில்லை. கழுத்தில் கை வைக்கவிடாத நாயை எப்படி ஊசிக்குப் பிடிப்பது? இங்கேதான் ஐயா சொன்ன பழக்கமும் இந்தப் பிரச்சினையும் ஒன்று சேர்கின்றன.

செங்கலடிச் சந்தி எழுதியது:

மாடு பழக்குவது பற்றி ஐயா எழுதியது உண்மை. என் பெரியப்பா அப்படித்தான் பழக்கினார். அடியைப் பற்றி நான் எழுதியதை இனி வற்புறுத்தமாட்டேன். ஆனால் ஏற்கனவே மனிதரைக் கடித்துக் காயப்படுத்திய நாயும் ஈரல் துண்டுக்குத் திருந்துமா? எல்லாவற்றுக்கும் இது மருந்து என்று சொன்னால் ஏற்க முடியவில்லை.

ஓய்வுபெற்ற களப்பணியாளர் எழுதியது:

எல்லாவற்றுக்கும் மருந்து என்று நானும் சொல்லமாட்டேன், தம்பி. திடீரென்று குணம் மாறிய நாயை முதலில் கால்நடை வைத்தியரிடம் காட்ட வேண்டும். காதுக்குள் புண், மூட்டு வலி, உண்ணிக் காய்ச்சல் எதுவும் நாயைச் சினமூட்டும். வலியோடு இருக்கும் நாய்க்குப் பாடம் ஏறாது. கடித்த நாயைத் தெருப் பக்கம் கொண்டுபோகும்போது, வாய் திறந்து மூச்சிரைக்கவும் தண்ணீர் குடிக்கவும் இடம் தரும் கூடை வடிவ வாய்ப்பூட்டு போட வேண்டும். வாயை இறுக்கிக் கட்டும் துணி வகை நம் சூட்டுக்கு ஆகாது. சில நாய்கள் பிள்ளைகள் உள்ள வீட்டுக்குப் பொருந்தவே மாட்டா. அதை ஒப்புக்கொண்டு, வேலி உயர்ந்த, ஆள் நடமாட்டம் குறைந்த இடத்தில் பொறுப்பான ஒருவரிடம் ஒப்படைப்பதும் இரக்கம்தான். கொண்டுபோய் விடுவதை அதில் சேர்க்காதீர்கள்.

கல்லடிவாசி எழுதியது:

சில வாரங்களாகச் செய்துவருகிறோம். பின்வேலியைத் தகரத்தால் அடைத்துவிட்டோம். படலையின் கீழ்ப்பாதிக்கும் பலகை அடித்ததால் தெரு தெரியாது. கிணற்றடியில் தொடங்கியவர்கள் இப்போது மாமரம் வரை வந்திருக்கிறோம். நேற்று இரண்டு பிள்ளைகள் மணியடித்துக்கொண்டு போனார்கள். நாயின் காது முன்னால் போனது, முதுகு விறைத்தது, பிறகு என் முகத்தைத் திரும்பிப் பார்த்தது. ஈரலை எடுத்துக் கொடுத்தது என் மாமனார். மோட்டார் சைக்கிளுக்கு மட்டும் இன்னும் பாய்கிறது. கருத்தடை செய்தால் அதுவும் நிற்குமா? தடுப்பூசி அட்டையையும் தேடுகிறேன், கிடைக்கவில்லை.

ஓய்வுபெற்ற களப்பணியாளர் எழுதியது:

மிகுந்த மகிழ்ச்சி, தம்பி. கருத்தடை செய்தால் பெட்டை நாய்களைத் தேடி அலைவதும், அதனால் வரும் சண்டையும் குறையும். தெருவில் குட்டிகள் பெருகுவதில் உங்கள் நாயின் பங்கும் நின்றுவிடும். மோட்டார் சைக்கிளைத் துரத்துவது அதனால் நிற்காது. அதற்குப் புதிதாகக் கிணற்றடியிலிருந்தே தொடங்குங்கள்: தெரிந்தவர் ஒருவரின் மோட்டார் சைக்கிளை முதலில் நிறுத்தி வைத்து, பின் இயந்திரத்தை மட்டும் இயக்கி, பின் மெதுவாக உருட்டி, ஒவ்வொன்றுக்கும் தீனி. மாரி மழை தொடங்கினால் வெளியே பழக்க முடியாது. அதற்கு முன் முடிந்தவரை செய்துவிடுங்கள். அட்டை இல்லாவிட்டால் தடுப்பூசி போடவில்லை என்றே வைத்துக்கொண்டு, அருகிலுள்ள அரச கால்நடை வைத்திய நிலையத்தில் மீண்டும் போட்டுப் புதிய அட்டை வாங்குங்கள். கருத்தடைக்கான நாளையும் அங்கேயே கேட்டுக்கொள்ளலாம். சத்திரசிகிச்சைக்கு முன்தினம் இரவு எப்போதிலிருந்து உணவை நிறுத்த வேண்டும் என்று அவர்கள் சொல்வார்கள். பக்கத்து வளவுக்காரரிடமும் சொல்லிவையுங்கள், பாவம் என்று அவர்கள் வேலிக்கு மேலால் மீன் துண்டு போட்டுவிடக்கூடாது.